அடுக்குமாடிச் சங்கத்தின் பணம்: புதிதாகப் பொறுப்பேற்ற பொருளாளருக்கு

மார்ச் 31ஆம் தேதி சங்கத்தின் வங்கிக் கணக்கில் 11,40,000 ரூபாய் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு யாரோ வாட்ஸ்அப் குரூப்பில் கேட்கிறார்: "இவ்வளவு பணம் சும்மா கிடக்குதே, எதுக்கு சார் மெயின்டனன்ஸை ஏத்துறீங்க?" உடனே பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்குகிறார்கள். புதிதாகப் பொருளாளர் ஆனவருக்கு முதல் தலைவலி பெரும்பாலும் இப்படித்தான் வரும்.

அந்தப் பணத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். சென்னைப் புறநகரில் தலா 1,000 சதுர அடியில் 24 வீடுகள், ஒரு லிஃப்ட், ஒரு ஜெனரேட்டர் உள்ள குடியிருப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் தொகைகள் கணக்கு புரிவதற்காக நான் போட்டவை. உங்கள் குடியிருப்பின் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் மரவேலை செய்ய அனுமதி வாங்கிய மூன்று பேர் கட்டிய டெபாசிட் 60,000. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் அது. வெளிநாட்டில் இருக்கும் மூன்று உரிமையாளர்கள் அடுத்த வருடத்துக்கு மொத்தமாக அனுப்பிவிட்ட மெயின்டனன்ஸ் 1,53,000. பெரிய ரிப்பேர்களுக்காகச் சேர்ந்த சிங்கிங் ஃபண்ட் 6,90,000. மார்ச் மாதச் சம்பளம், கரன்ட் பில், டீசல் என்று இன்னும் கொடுக்காத பாக்கி 58,000. வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர் தீபாவளி போனஸுக்காக மாதாமாதம் எடுத்துவைத்தது 15,000. கூட்டினால் 9,76,000. சங்கம் இஷ்டப்படி செலவழிக்கக்கூடியது மிச்சமுள்ள 1,64,000 மட்டும்தான். மாதச் செலவு 72,000 ஓடும் இடத்தில் அது இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் தாங்கும்.

குரூப்பில் கேட்டவர் மேல் தப்பில்லை. அவருக்கு யாரும் இப்படிப் பிரித்துக் காட்டவில்லை. சங்கங்களில் வரும் பணத் தகராறுகளில் கையாடல் கொஞ்சம்தான்; எது யாருடைய பணம், எதற்கான பணம் என்று எழுதிவைக்காததால் வருவதே அதிகம் என்பது என் கணிப்பு. அதைச் சரிசெய்ய என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

1. கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும்

தமிழ்நாட்டில் பல குடியிருப்புச் சங்கங்கள் 1975ஆம் வருடத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. குறைந்தது ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். அடுக்குமாடி உரிமைக்கென்று 1994இல் தனிச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2022இல் புதிய சட்டம் வந்துவிட்டது. உங்கள் சங்கம் எதன் கீழ் பதிவாகியிருக்கிறது என்று பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். கூடவே துணைவிதிகளையும் ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். யார் கையெழுத்துப் போடலாம், குழு தன் பொறுப்பில் எவ்வளவு செலவு செய்யலாம், எதற்குப் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

சான்றிதழ், துணைவிதி, குழுவின் தீர்மானம் மூன்றும் கையில் இருந்தால் சங்கத்தின் பெயரில் பான் எண் வாங்கி வங்கிக் கணக்கு தொடங்கலாம். "சங்கத்துக்கு கரன்ட் அக்கவுண்ட்தான் தருவோம்" என்று சில கிளைகளில் சொல்வார்கள். பதிவான சங்கங்கள் சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி விதியில் இடம் இருக்கிறது. பொறுமையாக எடுத்துச் சொன்னால் வட்டி வரும் கணக்காகவே கிடைக்கும்.

செயலாளரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்லும் வழக்கம் இன்னும் நிறைய இடங்களில் இருக்கிறது. அவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும் அதை நிறுத்துங்கள். அவர் வீட்டுப் பால் கணக்கும் சங்கத்தின் டேங்கர் லாரிக் கணக்கும் ஒரே ஸ்டேட்மென்டில் வந்தால், நாளைக்குத் தணிக்கையாளர் கேட்கும்போது அவரால் தன்னையே நிரூபிக்க முடியாது. சங்கக் கணக்குக்கே வங்கியில் க்யூஆர் அட்டை கேட்டால் தருவார்கள். அதை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டிவைத்தால் வேலை முடிந்தது.

இன்னும் பதிவு செய்யாத சின்னக் குடியிருப்பு என்றால், குறைந்தபட்சம் இரண்டு உரிமையாளர்கள் பெயரில் கூட்டுக் கணக்கு ஒன்று திறந்து, வேறு எந்தப் பணமும் அதில் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.

2. பில்டரிடம் உள்ளதை எழுத்தில் வாங்குங்கள்

வீடு வாங்கும்போது பெரும்பாலும் இரண்டு வகைப் பணம் கட்டியிருப்பீர்கள். ஒன்று, முதல் வருட மெயின்டனன்ஸ் முன்பணம். இன்னொன்று கார்ப்பஸ், அதாவது குடியிருப்பின் நீண்டகாலத் தேவைக்கென்று ஒரே தடவை வாங்கிவைக்கும் மூலநிதி. நம் உதாரணக் குடியிருப்பில் சதுர அடிக்கு 50 ரூபாய் என்று கார்ப்பஸ் வாங்கியிருந்தால், 24,000 சதுர அடிக்கு 12 லட்சம் ஆகிறது. சங்கம் உருவானதும் அந்தத் தொகை சங்கத்துக்கு வந்தாக வேண்டும்.

வரும்போது பெரும்பாலும் குறைந்துதான் வரும். "முன்பணம் போதவில்லை, கார்ப்பஸிலிருந்து எடுத்துச் செலவு செய்தோம்" என்பார்கள். அப்படியானால் மூன்று காகிதம் கேளுங்கள்: வீடு வாரியாக யார் எவ்வளவு கட்டினார் என்ற பட்டியல், முன்பணத்தில் செய்த செலவுகளின் பில், கார்ப்பஸ் இதுவரை எந்தக் கணக்கில் இருந்தது, அதற்கு வந்த வட்டி என்ன என்ற விவரம். உங்கள் கட்டுமான ஒப்பந்தத்தில் கார்ப்பஸை எதற்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி இருக்கும். கடிதம் எழுதும்போது அந்த வரியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். வாய்ப்பேச்சில் முடிக்கப் பார்த்தால் வருடங்கள் ஓடிவிடும்.

2016ஆம் வருடத்து ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இங்கே கைகொடுக்கும். பொதுப் பகுதிகளையும் அவற்றுக்கான ஆவணங்களையும் சங்கத்திடம் ஒப்படைப்பது பில்டரின் கடமை. அதைவிட முக்கியமாக ஒன்று: வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து அதைச் சுட்டிக்காட்டினால், 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். மொட்டை மாடி ஒழுகுகிறது, பேஸ்மென்டில் நீர் கசிகிறது என்றதும் ஆளைக் கூப்பிட்டு சிங்கிங் ஃபண்டிலிருந்து இரண்டு லட்சம் கொடுத்துவிடுகிற சங்கங்கள் பல. முதலில் தேதியைப் பாருங்கள். ஐந்து வருடம் முடியவில்லை என்றால் புகைப்படத்தோடு பில்டருக்குக் கடிதம்; அதற்கும் அசையவில்லை என்றால் ரெராவில் புகார். உறுப்பினர் பணத்தில் கை வைப்பது அதற்கும் அப்புறம்தான்.

3. ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு தலைப்பு

இதுதான் முழு விஷயத்தின் மையம். வரவு வரும்போதே அது எந்தத் தலைப்பில் விழுகிறது என்று குறிக்க வேண்டும். சாதாரணக் குடியிருப்புக்கு ஐந்து தலைப்பு போதும்.

முதலாவது, அன்றாடச் செலவுப் பணம். சம்பளம், பொது மின்சாரம், தண்ணீர் லாரி, லிஃப்ட் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்), சம்ப் கழுவுவது எல்லாம் இதில். இரண்டாவது, சிங்கிங் ஃபண்ட். பெயின்ட், லிஃப்ட் மாற்றுவது போன்ற பெரிய, முன்கூட்டியே தெரிந்த செலவுகளுக்கு. மூன்றாவது, கார்ப்பஸ். இதன் அசலைத் தொடாமல் வட்டியை மட்டும் பயன்படுத்துவது பல சங்கங்களின் வழக்கம். நான்காவது, தனி வசூல். சிசிடிவிக்கு வீட்டுக்கு 4,000, சோலாருக்கு 15,000 என்று ஒரே ஒரு வேலைக்காக வாங்கியது. ஐந்தாவது, திருப்பித் தர வேண்டிய டெபாசிட்டும் முன்கூட்டியே வந்த சந்தாவும்.

ஐந்தாவதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். துபாயிலிருந்து ஒருவர் ஏப்ரலில் 51,000 அனுப்பினால் அந்த மாதக் கணக்கு பளபளவென்று இருக்கும். அந்தத் தெம்பில் கேட்டுக்குப் புது பெயின்ட், வாட்ச்மேன் அறைக்கு ஏர்கூலர் என்று போய்விட்டால் பிப்ரவரியில் சம்பளம் கொடுக்கக் காசு இருக்காது. அவர் அனுப்பியதில் மாதம் 4,250தான் அந்த மாத வரவு. மீதி காத்திருக்க வேண்டும்.

தனி வசூலில் மிச்சம் வந்தால் சத்தமில்லாமல் பொதுக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். சிசிடிவி வேலை 96,000 எதிர்பார்த்து 88,000இல் முடிந்தால், மிச்சம் 8,000 ரூபாயை என்ன செய்வது என்று கூட்டத்தில் கேளுங்கள். தொகை சின்னதுதான். ஆனால் கேட்டுச் செய்த சங்கத்துக்கு அடுத்த வசூல் பத்து நாளில் வந்து சேரும்.

பொங்கல் கோலப் போட்டி, பிள்ளையார் சதுர்த்தி, கிறிஸ்துமஸ் கேக் இவற்றுக்கான பணத்தை மெயின்டனன்ஸ் பக்கமே கொண்டுவராதீர்கள். அது விருப்பப்பட்டவர் போடுவது. தனி நோட்டு, தனி ஆள். 'என் காசில் அவர்கள் பண்டிகையா' என்ற பேச்சு ஒரு குடியிருப்பில் கிளம்பிவிட்டால் அடங்க வருடங்கள் பிடிக்கும்.

4. சிங்கிங் ஃபண்ட் எவ்வளவு? கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்

"பக்கத்து அபார்ட்மென்டில் 50 பைசா வாங்குகிறார்கள், நாமும் அப்படியே" என்று தொகையை முடிவு செய்வது சரிப்படாது. உங்கள் கட்டடத்தில் என்னென்ன தேயும், எப்போது மாற்ற வேண்டும் என்று பார்த்தால் தொகை தானாக வந்துவிடும்.

வெளிப்பக்கப் பெயின்ட் ஆறு வருடத்துக்கு ஒரு முறை, 9 லட்சம்: மாதம் 12,500. மொட்டை மாடி நீர்க்கசிவுத் தடுப்பு எட்டு வருடத்துக்கு ஒரு முறை, 4,80,000: மாதம் 5,000. லிஃப்ட் 20 வருடத்தில், 16 லட்சம்: மாதம் 6,667. ஜெனரேட்டர் 15 வருடத்தில், 6 லட்சம்: மாதம் 3,333. மோட்டார்களும் பேனல் போர்டும் ஐந்து வருடத்தில், 1,50,000: மாதம் 2,500. மொத்தம் மாதம் 30,000. 24,000 சதுர அடிக்குப் பகிர்ந்தால் சதுர அடிக்கு 1.25 ரூபாய்.

அன்றாடச் செலவுக்கு 3 ரூபாய், இதற்கு 1.25 ரூபாய், ஆக 1,000 சதுர அடி வீட்டுக்கு மாதம் 4,250. பொதுக்குழுவில் இந்தப் பட்டியலை ஒரு பக்கத்தில் அச்சடித்துக் கொடுங்கள். "சிங்கிங் ஃபண்ட் தேவையா?" என்ற வாதம் "லிஃப்ட் 16 லட்சம் ஆகுமா, 13க்கு முடியாதா?" என்று மாறும். அது நல்ல வாதம். அதில் பொறியாளர் யாராவது இருந்தால் உதவியும் கிடைக்கும். விலைவாசி ஏறுவதால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தொகைகளைத் திருத்துங்கள். பழைய கட்டடம் என்றால் ஏற்கெனவே கடந்துபோன வருடங்களுக்கான பணம் இருக்காது. மாதத் தொகையைக் கூட்ட வேண்டும், அல்லது ஒரு தடவை பெரிதாக வசூலிக்க வேண்டும். இதில் குறுக்கு வழி கிடையாது.

5. பில்லில் இரண்டு வரி

மாதாமாதம் அனுப்பும் பில்லில் அன்றாடச் செலவையும் சிங்கிங் ஃபண்டையும் தனித்தனி வரியாகக் காட்டுங்கள். காரணம், வாடகைக்கு இருப்பவர்கள். தண்ணீர், வாட்ச்மேன், லிஃப்ட் எல்லாம் அவர்கள் அனுபவிப்பது. அதற்கு அவர்கள் பணம் கொடுப்பது நியாயம். இருபது வருடம் கழித்து மாற்றப்போகும் லிஃப்டுக்கு, பதினொரு மாத ஒப்பந்தத்தில் இருக்கும் ஒருவர் ஏன் பணம் போட வேண்டும்? அது உரிமையாளரின் சொத்துக்கான செலவு. பில் பிரிந்து இருந்தால் வாடகைதாரரும் உரிமையாளரும் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். ஆனால் பாக்கி நின்றால் சங்கம் கேட்க வேண்டியது உரிமையாளரை.

வீடு விற்கும்போது "நான் கட்டிய கார்ப்பஸைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்பார்கள். துணைவிதியில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, கார்ப்பஸும் சிங்கிங் ஃபண்டும் வீட்டோடு போகிறவை. விற்பவரும் வாங்குபவரும் விலை பேசும்போது சேர்த்துப் பேசிக்கொள்ள வேண்டியதுதான். சங்கம் கொடுக்கும் பாக்கியில்லாச் சான்றிதழில் அந்த வீட்டின் பெயரில் எவ்வளவு கார்ப்பஸ் இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் இருவருக்கும் குழப்பம் இருக்காது.

6. எங்கே வைப்பது

ஐந்து தலைப்புக்கு ஐந்து வங்கிக் கணக்கு வேண்டுமா? வேண்டாம், கையெழுத்துப் போட்டே களைத்துவிடுவீர்கள். அன்றாடச் செலவுக்கு ஒரு கணக்கு. சிங்கிங் ஃபண்டுக்கு இன்னொரு கணக்கு. அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு மாற்றுங்கள். மாத வசூல் வந்ததும் 5ஆம் தேதிக்குள் 30,000 இரண்டாவது கணக்குக்குப் போய்விட வேண்டும். மிச்சம் இருந்தால் மாற்றலாம் என்று நினைத்தால் எந்த மாதமும் மிஞ்சாது. டெபாசிட், முன்பணம், தனி வசூல் ஆகியவற்றைப் பேரேட்டில் தனித் தலைப்பாக வைத்தால் போதும்.

கார்ப்பஸ் 12 லட்சத்தை எந்த வங்கியில் போடுவது என்று வரும்போது அரை சதவீத வட்டி கூடுதலாகத் தரும் சின்ன வங்கியை யாராவது சொல்வார்கள். இந்தியாவில் வங்கி வைப்புக்கான காப்பீடு, ஒரு வைப்பாளருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான். 2020 பிப்ரவரியில்தான் அது ஒரு லட்சத்திலிருந்து ஐந்தானது. ஒரே வங்கியில் மூன்று ரசீதாகப் போட்டாலும், வெவ்வேறு கிளையில் போட்டாலும் கணக்கு ஒன்றுதான். நான்கு நான்கு லட்சமாக மூன்று வங்கிகளில் போட்டால் முழுதும் பாதுகாப்புக்குள் வந்துவிடும். கூட்டுறவு வங்கி என்றால் காப்பீட்டுத் திட்டத்தில் அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு அந்தக் காப்பீடு கிடையாது.

இன்னொரு யோசனையும் வரும், அதுவும் நல்ல எண்ணத்தில்: "என் பேர்ல போட்டா சீனியர் சிட்டிசன் வட்டி கிடைக்கும் சார், சங்கத்துக்கு லாபம்தானே?" வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். வட்டி அவர் வருமானத்தில் சேரும், வரி அவர் தலையில் விழும். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணம் நாமினி கைக்குப் போய், அந்தக் குடும்பத்தோடு சங்கம் மல்லுக்கு நிற்க வேண்டிவரும். மியூச்சுவல் ஃபண்ட், சீட்டு, நகைக் கடைத் திட்டம் எதுவும் சங்கப் பணத்துக்கு ஆகாது. அடுத்தவர் பணத்தை வைத்து யூகம் பார்க்க உங்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

7. கொடுக்கும்போது

செக் என்றால் இரண்டு கையெழுத்து. நெட்பேங்கிங் என்றால் ஒருவர் பதிவேற்ற, இன்னொருவர் ஒப்புதல் தருகிற வசதியை வங்கியில் கேட்டு வாங்குங்கள். கணவனும் மனைவியும், அண்ணனும் தம்பியும் அந்த இருவராக இருக்கக் கூடாது. வெற்று செக்கில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகும் தலைவர்கள் உண்டு. அந்த இரண்டாவது கையெழுத்து எதற்கு என்றே அப்புறம் அர்த்தம் இருக்காது.

கைச்செலவுக்கு 5,000 மாதிரி ஒரு தொகையை மேனேஜரிடமோ செயலாளரிடமோ கொடுத்து, பில்களைக் காட்டிய பிறகு செலவான அளவுக்கு நிரப்பித் தாருங்கள். பிளம்பர் பில் தரமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். தேதி, வேலை, தொகை, அவர் பெயர், செல்போன் எண், கையெழுத்து உள்ள ஒரு வவுச்சர் போதும். யுபிஐயில் கொடுத்தால் அதுவே சாட்சி. ஒரு லட்சத்துக்கு மேல் போகும் வேலைக்கு மூன்று விலைப்புள்ளி வாங்கி, ஏன் இவரைத் தேர்ந்தோம் என்று கூட்டக் குறிப்பில் இரண்டு வரி எழுதுங்கள். குறைந்த விலையைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. காரணம் எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

8. வரி: ஆடிட்டரிடம் போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

உறுப்பினர்கள் தங்களுக்காகத் தாங்களே போட்டுக்கொள்ளும் பணம் சங்கத்தின் வருமானம் ஆகாது என்பது பொதுவான கொள்கை. வங்கி வட்டிக்கு அந்தக் கொள்கை பொருந்தாது. பெங்களூர் கிளப் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: உறுப்பினர் பணமாகவே இருந்தாலும், வங்கியில் போட்டு வாங்கிய வட்டிக்கு வரி உண்டு. மொட்டை மாடியில் செல்போன் டவர், விளம்பரப் பலகை வைத்து வரும் வாடகைக்கும் அப்படியே. ஆகவே வெளி வருமானத்துக்கு ஒரு தனித் தலைப்பு வைத்துக்கொண்டால் ஆடிட்டர் வேலை பாதியாகும்.

ஜிஎஸ்டி பயம் பல சின்னச் சங்கங்களுக்குத் தேவையே இல்லை. சங்கத்தின் வருட வசூல் 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் பதிவு வேண்டாம். நம் 24 வீட்டுக் குடியிருப்பில் மாதம் 1,02,000 வீதம் வருடம் 12,24,000தான் வருகிறது. 20 லட்சத்தைத் தாண்டினாலும் ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 ரூபாய் வரை விலக்கு உண்டு. அதற்கு மேல் போனால்தான் சிக்கல். 9,000 வாங்கினால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம், அதாவது 1,620 என்றது 2019இல் வந்த அரசுச் சுற்றறிக்கை. 7,500ஐத் தாண்டிய 1,500க்கு மட்டும், அதாவது 270 என்றது 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம். வீட்டுக்கு 1,350 ரூபாய் வித்தியாசம். இன்றைய நிலவரப்படி எதைப் பின்பற்றுவது என்பதை ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு வசூலியுங்கள்.

டிடிஎஸ்ஸை, அதாவது பணம் கொடுக்கும்போதே வரியைப் பிடித்துக்கொள்வதை, அதிகம் பேர் மறக்கிறார்கள். செக்யூரிட்டி ஏஜென்சி, லிஃப்ட் நிறுவனம், பெயின்ட் காண்ட்ராக்டர் என்று ஒருவருக்கு ஒரே தடவையில் 30,000க்கு மேலோ வருடத்தில் மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேலோ கொடுத்தால், தனிநபருக்கு 1 சதவீதமும் நிறுவனத்துக்கு 2 சதவீதமும் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அதற்கு சங்கத்துக்கு டான் எண் (வரி பிடித்துக் கட்டுபவர்களுக்கான எண்) தேவை. பிடித்த பணத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் மாதம் 1.5 சதவீதம் வட்டி. பெயின்ட் காண்ட்ராக்டரிடம் வேலை பேசும்போதே "டிடிஎஸ் பிடிப்போம், பான் எண் கொடுங்க" என்று சொல்லிவிடுவது நல்லது. வேலை முடிந்த பிறகு சொன்னால் ஏமாற்றுகிறோம் என்று நினைப்பார்.

9. அவசரத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ குடியிருப்புகளில் பேஸ்மென்டுக்குள் தண்ணீர் புகுந்தது. மோட்டார், ஜெனரேட்டர், லிஃப்ட் குழி எல்லாம் ஒரே இரவில் போனால் அன்றாடக் கணக்கில் இருக்கும் ஒன்றரை லட்சம் எந்த மூலைக்கு? அந்த நேரத்தில் சிங்கிங் ஃபண்டிலிருந்து எடுப்பதில் தப்பில்லை. எடுப்பதைக் கடனாக எழுதுங்கள்: தேதி, தொகை, காரணம், எத்தனை மாதத்தில் திரும்பும். அன்றே குழு கூடித் தீர்மானம் போட்டு, அடுத்த பொதுக்குழுவில் வைத்து ஒப்புதல் வாங்குங்கள். கட்டடத்துக்கும் இயந்திரங்களுக்கும் காப்பீடு எடுத்து, வெள்ளம் அதில் அடங்குகிறதா என்று பார்த்துவைத்தால் இந்தக் கடன் பாதியாகக் குறையும்.

வசூல் வராததால் சிங்கிங் ஃபண்டிலிருந்து சம்பளம் கொடுப்பது வேறு கதை. அதற்குப் பெயர் அவசரம் இல்லை. நான்கு வீட்டுப் பாக்கியை மற்ற இருபது வீடு சுமக்கிறது என்று அர்த்தம். பாக்கிப் பட்டியலில் கை வைக்காமல் ஃபண்டில் கை வைத்தால் அந்த நான்கு ஆறாகும்.

10. மாதம் ஒரு பக்கம்

ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் குரூப்பில் ஒரே ஒரு பக்கம் போடுங்கள். மேலே வங்கி இருப்பு. கீழே அது எந்தெந்தத் தலைப்புக்குச் சொந்தம் என்ற பிரிவு, இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் செய்த மாதிரி. அடுத்து அந்த மாத வரவு, செலவு, நிலுவை. போடும் முன் வங்கி ஸ்டேட்மென்டையும் உங்கள் பேரேட்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுவிடுங்கள். 24 வீட்டுக்கு அரை மணி நேர வேலை. "யுபிஐ 4250" என்று மட்டும் வந்து யாருடையது என்று தெரியாத வரவு ஒன்றாவது கிடைக்கும். வீட்டு எண்ணைக் குறிப்பில் போடச் சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கும், வேறு வழியில்லை.

பாக்கி வைத்தவர்களின் பெயரைக் குரூப்பில் போடலாமா என்று கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதலில் அவருக்குத் தனியாகச் செய்தி, அப்புறம் கடிதம். பொதுக்குழு அறிக்கையில் வீட்டு எண்ணும் தொகையும் வந்தால் போதும்.

குழுவில் இல்லாத உறுப்பினர் ஒருவரை உள் தணிக்கைக்குப் போடுங்கள். அதிகம் கேள்வி கேட்பவரையே போடுங்கள். கணக்கு சரியாக இருந்தால் நாளைக்கு உங்களுக்காகப் பேசுபவர் அவராகத்தான் இருப்பார். வருட முடிவில் ஆடிட்டர் தணிக்கை, ஏப்ரல் முதல் மார்ச் வரையான கணக்கைப் பொதுக்குழுவில் வைத்தல், பதிவாளரிடம் தாக்கல் செய்தல் இவற்றை வரிசையாக முடித்துவிடுங்கள். சில வருடத் தாக்கலை விட்டுவிட்டால் பின்னால் மொத்தமாகச் சரிசெய்வது பெரிய அலைச்சல்.

11. பதவி மாறும்போது

அடுத்தவரிடம் ஒப்படைக்கும் நாளில் இருவரும் உட்கார்ந்து பட்டியல் போட்டுக் கையெழுத்திடுங்கள்: அன்றைய வங்கி இருப்பு, ஃபிக்ஸட் டெபாசிட் அசல் ரசீதுகளும் அவை முதிரும் தேதியும், செக் புத்தகங்களில் மீதமுள்ள எண்கள், யாருக்கு எந்த டெபாசிட் திருப்பித் தர வேண்டும், பான், டான், ஜிஎஸ்டி உள்நுழைவு விவரங்கள். வங்கியில் கையெழுத்து மாற்ற, தேர்தல் நடந்த கூட்டக் குறிப்பையும் புதிய நிர்வாகிகளைப் பதிவாளரிடம் தெரிவித்த நகலையும் கேட்பார்கள். அந்தத் தாக்கல் தாமதமானால் புதிய குழுவால் சம்பளம்கூடக் கொடுக்க முடியாது. அதனால் பழைய கையெழுத்துதாரர்கள் மாற்றம் முடியும் வரை ஒத்துழைப்பார்கள் என்று அதே கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள்.

உள்நுழைவு எல்லாம் முன்னாள் செயலாளரின் சொந்த செல்போன் எண்ணோடு இணைந்திருக்கும், அவர் மகனைப் பார்க்க அமெரிக்கா போயிருப்பார், வருமானவரித் தளத்தின் ஓடிபி அங்கே போய்க்கொண்டிருக்கும். சங்கத்தின் பெயரில் ஒரு சிம் கார்டும் ஒரு மின்னஞ்சலும் வாங்கி, எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். செல்போனை சங்க அலுவலகத்திலோ பொருளாளர் வீட்டிலோ வைத்து, ரீசார்ஜ் செலவை அன்றாடச் செலவுத் தலைப்பில் எழுதிக்கொள்ளலாம்.